கோவில் இட்லியும் மூன்று தங்க மணிகளும்

மஸ்கட்டில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் விடுப்பு கேட்டால் எங்கள் மேலாளர் முதலில் கேட்பது, "யார் இறந்துவிட்டார்கள்?" என்றுதான். யாரும் இறக்கவில்லை, இறக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் போகிறேன் என்றேன். அவர் ஓமான்காரர், சிரிக்கத் தெரிந்த மனிதர். ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தையும் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்.

காஞ்சிபுரத்தில் என் அக்காவின் கணவருக்கு, எங்கள் பேச்சில் அத்திம்பேருக்கு, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லை, கதிர்வீச்சு கொடுத்தே குணப்படுத்திவிடலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் வாரத்தில் ஐந்து நாள், ஏறக்குறைய இரண்டு மாதம், பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். அவர்களுடைய ஒரே பெண் புனேயில் நிறைமாதமாக இருந்தாள். அக்காவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மிச்சம் இருந்தது நான்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது சிகிச்சை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அத்திம்பேர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கோவிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இளம் வயதிலிருந்தே நிற்கிறவர். கொஞ்சம் இளைத்திருந்தார், அவ்வளவுதான். சாவைப் பற்றி அவருக்குக் கவலையே இருந்ததாகத் தெரியவில்லை. கவலை வேறு இடத்தில் இருந்தது. காலைக் காபியின்போது, அக்கா உள்ளே போன சமயம் பார்த்து, என்னிடம் சொன்னார்.

"உயிர் போனாப் போறது அம்பி. வைகாசில கருட சேவை வரது. விடியறதுக்கு முன்னாடி கெளம்பினா மத்தியானம் வரைக்கும் கோஷ்டி நடக்கணும். நடுத்தெருவுல வேஷ்டி நனைஞ்சுதுன்னா அப்புறம் எந்த மூஞ்சியோட பெருமாள் முன்னால நிப்பேன்?"

ஏற்கெனவே அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து போய்க்கொண்டிருந்தார் மனிதர். இது சிகிச்சையால் மோசமாகுமா சரியாகுமா என்பதுதான் அந்த வீட்டில் எல்லோரும் பேசாமல் பேசிக்கொண்டிருந்த பேச்சு.

முதல் நாள் பயணமே அமர்க்களம். வாடகைக்கு அம்பாசிடர் வைத்திருந்த சாலமன், செவிலிமேட்டுக்காரர், என் வயது இருக்கும். வாசலில் வந்து ஹாரன் அடித்தார். ஏறி உட்கார்ந்து தெருமுனை திரும்பினால் வண்டி நின்றுவிட்டது. தெருவின் நீளத்துக்குப் நெசவுக்கான பட்டுப் பாவு நூலை நீட்டிக் கட்டி, நாலைந்து பேர் இரு பக்கமும் நின்று இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஸ்கட்டில் ஒட்டகம் குறுக்கே வந்தால்தான் கார் நிற்கும். இங்கே நூல் குறுக்கே வந்தாலே நிற்கிறது. "அறுந்துச்சுன்னா யாரு சார் கட்டறது, அவுங்க பாத்துக்கினுதான் விடுவாங்க" என்று சாலமன் எஞ்சினையே அணைத்துவிட்டார். பின்பக்கமாகவே போய் வேறு தெரு வழியாக வெளியேறினோம்.

அதற்கப்புறம் ராஜகுளம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர். நாலு வழிச் சாலையாம். ஆனால் பாதி வழியை மண் மூட்டைகளும், மீதி வழியைக் கம்பெனி பஸ்களும் எடுத்துக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நான் சின்ன வயதில் ஏரி என்று பார்த்த இடங்களில் எல்லாம் தொழிற்சாலைச் சுவர். உள்ளே வேலை பார்க்கும் பெண்கள் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, காதில் செல்போனோடு பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போனார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது. அத்திம்பேர் மடியில் வெள்ளிப் பூண் போட்ட பித்தளைக் கூஜா. வெளியில் தண்ணீர் குடிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. காசி போனபோதும் இந்தக் கூஜாதான், கதிர்வீச்சுக்குப் போகும்போதும் இதே கூஜாதான்.

மருத்துவமனை குளுகுளுவென்று, மஸ்கட் வங்கி மாதிரி இருந்தது. கதிர்வீச்சு அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயர் ஷகிலா, வாலாஜாபேட்டைக்காரி. அத்திம்பேரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டாள். மாணவிகளின் அப்பா பெயர், கோத்திரம் வரை விசாரிக்கிற மனிதர், இந்தப் பெண் சொன்னால் மறுபேச்சில்லாமல் மேஜையில் ஏறிப் படுத்துவிடுகிறார். வந்தவுடன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், கூஜாத் தண்ணீர் முழுவதையும் குடிக்க வேண்டும், பிறகு முக்கால் மணி ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதற்குப் பெயர் சிகிச்சை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை கிழவர்களும் முழங்காலை ஆட்டிக்கொண்டே ஒருவரை ஒருவர் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே சிகிச்சையைக் கவனிக்கும் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். செவிலிமேடு டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டவனை நினைத்துக்கொள்ளுங்கள். புராஸ்டேட் அந்த ஆள். முன்பக்கம் மூத்திரப்பை, பின்பக்கம் மலக்குடல். பக்கத்து ஆள் நகர்ந்தால் இவனும் நகர வேண்டியதுதான். எலும்பில் ஆணியடித்து வைத்த உறுப்பு இல்லை. ஆகவே சிகிச்சைக்கு முன் அந்தச் சுரப்பிக்குள் அரிசி மணி அளவில் மூன்று தங்கத் துணுக்குகளை ஊசி மூலம் வைத்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் அவை பளிச்சென்று தெரியும். தினமும் படம் பிடித்து, அவை குறித்த வட்டத்துக்குள் இருக்கின்றனவா என்று பார்த்து, அப்புறம்தான் கதிரைப் பாய்ச்ச வேண்டும்.

அத்திம்பேருடைய மூன்று மணிகளும் வட்டத்துக்குள் இருக்கவில்லை. சில நாள் இருந்தன. பல நாள் விரல் நகத்தின் அகலத்துக்கு முன்னால் தள்ளிப் போயிருந்தன. அவரை எழுப்பி உட்காரவைத்து, நடக்கவிட்டு, மறுபடி படுக்கவைத்து நேரம் கடத்த வேண்டியிருக்கிறது, மேஜையில் படுத்திருக்கும்போதே நகர்ந்துவிடுகிறது என்றார் டாக்டரம்மா. பின்னால் குடலில் வாயு சேர்ந்து சுரப்பியைத் தள்ளுகிறது என்பது அவர் எண்ணம். உருளைக்கிழங்கு, வாழைக்காய், பருப்பு, சுண்டல் எல்லாவற்றையும் முதல் நாளே நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. நிறுத்தவில்லையா என்று என்னைக் கேட்டார்.

"இப்படியே நகர்ந்துட்டிருந்தா, குறி தவறிடக் கூடாதுன்னு நான் கதிர் படற இடத்தை அகலப்படுத்தித்தான் ஆகணும் சார். அகலப்படுத்தினா குடலும் மூத்திரப்பையும் சேர்ந்து வேகும். இப்ப இருக்கிற அவஸ்தை அப்புறம் நிரந்தரமாயிடலாம். அடுத்த வாரம் முடிவு பண்ணிடுவேன்."

திரும்பி வரும்போது சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அத்திம்பேர் இறங்கவில்லை. முடிவு என்ற சொல்லை நான் அவரிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். ஆனால் வாத்தியார்களிடம் எதை மறைக்க முடியும்?

அக்காவை விசாரித்தேன். அவள் என்னை அடிக்க வராத குறை. இரண்டு வாரமாக அந்த வீட்டில் சாம்பார் கிடையாது, பொரியல் என்றால் புடலங்காய் மட்டும், ரசத்தில்கூடப் பருப்புத் தண்ணீர் விடுவதில்லை. மூன்று நாள் நானே கூட உட்கார்ந்து சாப்பிட்டேன். அவ்வளவும் உண்மை. மஸ்கட்டில் மலபார்க்காரர் கடைப் பரோட்டாவுக்கு ஏங்க வைத்துவிட்டது அந்தப் பத்தியச் சாப்பாடு. படங்களில் மணிகள் மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தன.

நாலாம் நாள் பசி தாங்காமல்தான் விடிகாலையில் அத்திம்பேரோடு கோவிலுக்குப் போனேன். பக்தி என்று சொன்னால் பெருமாளே நம்ப மாட்டார். கோஷ்டி முடிந்து பிரசாத விநியோகம். கோஷ்டியில் நிற்கிறவர்களுக்கும் கூட வந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு கோவில் இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மாவை ஊற்றி மணிக்கணக்காக வேகவைத்த, ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும் சமாசாரம். அரிசிக்குச் சமமாக உளுந்து. மிளகு, சீரகம், சுக்கு, நெய். வெட்டிக் கொடுத்தார்கள். ஆஹா! சூடு ஆறாமல் அந்த இலை வாசனையோடு வாயில் போட்டால் மிளகு ஒன்று பல்லில் பட்டு வெடிக்கிறது. அத்திம்பேர் தன் பங்கைச் சாப்பிட்டார். நான் என் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் பல் இல்லாத ஒரு பெரியவர் நீட்டிய பங்கையும் சாப்பிட்டேன்.

வினை மருத்துவமனைக் கூடத்தில் ஆரம்பித்தது. என் வயிறு பேச ஆரம்பித்துவிட்டது. சும்மா பேசவில்லை, உபந்யாசம். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் குழந்தையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையா என்று அத்திம்பேரைக் கேட்டேன். தினமும் காலையில் இப்படித்தான் இருக்கும், பழகிவிட்டது, சுக்கு போட்டிருப்பதால் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்றார் நிதானமாக.

தினமுமா என்றேன். கோவிலுக்குப் போகிற தினமெல்லாம் என்றார். அத்தனை உளுந்து! என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"சாப்பாடு என்னன்னுதானே கேட்டா? இது பிரசாதம்."

அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. வீட்டில் ஒரு கடுகளவு பருப்புக்கு யுத்தம் நடத்தியவள், கோவிலில் அவர் தன் பங்கு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வருவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லி என்ன? நாற்பது வருஷம் வெளிநாட்டில் இருந்தும் எனக்கே, வயிறு உப்பும் வரை, அது சாப்பாட்டுக் கணக்கில் வரவில்லை. டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, முடிவை இன்னும் ஒரு வாரம் தள்ளிவைக்கிறேன், இட்லியை மட்டும் நிறுத்திப் பாருங்கள் என்றார்.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்வது எப்படி? இது அத்திம்பேருக்குப் பெரிய பிரச்சினை. கோவில் நண்பர்களோடு கலந்தாலோசனை நடந்தது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிளகளவு வாயில் போட்டுக்கொண்டு, மீதியை யாருக்காவது கொடுத்துவிட்டால் தோஷமில்லை என்று தீர்ப்பாயிற்று. மீதி சாலமனுக்கு. முதல் நாள் அத்திம்பேரே இலையோடு நீட்டினார். சாலமன் ஒரு நிமிஷம் தயங்கினார், நம்ம கையில் தரலாமா என்பது போல. சாப்பிடு, பசியோடு வண்டி ஓட்டக் கூடாது என்றார் அத்திம்பேர். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது சாலமன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மெளகு டேஸ்ட்டு சூப்பரா இருக்குது சார். வவுறுதான் என்னாண்ட எதுனா சொல்லிக்கினே இருக்குது" என்றார். அன்றிலிருந்து காரின் ஜன்னல்களை நாங்கள் திறந்தே வைத்தோம்.

நம்புங்கள், நாலே நாளில் மணிகள் வட்டத்துக்குள் வந்துவிட்டன. ஷகிலா வெளியே வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல் இருந்தது. அன்று வழியில் நானும் சாலமனும் ஆளுக்கு இரண்டு போண்டா சாப்பிட்டோம், அத்திம்பேர் கொடுத்த காசில்.

ஆனால் டாக்டரம்மாவுக்கு இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது. நான் வருவதற்கு முன் ஒரு நாள் மறுபடி எடுத்த ஸ்கேனில் மூத்திரப்பை சுருங்கிக் காலியாகக் கிடந்திருக்கிறது. மேலே இருக்க வேண்டிய சிறுகுடல் கதிர் போகும் பாதையில் இறங்கி வந்திருக்கிறது. அன்று மட்டும் என்ன நடந்தது? அக்கா பஞ்சாங்கத்தைப் புரட்டியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. ஏகாதசி. கல்யாணமான நாள் முதல் அத்திம்பேர் ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறவர். அன்று மருத்துவமனையில் கூட்டம். குடித்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பார், பொய் சொல்லும் ஜாதி இல்லை. அடுத்த ஏகாதசி அந்த வாரத்திலேயே வந்தது, அதுவும் ஒரு சிகிச்சை நாளில்.

நான் டாக்டரம்மாவைக் கேட்டேன், அந்த ஒரு நாளை விட்டுவிடலாமா என்று. இயந்திரம் பழுதாகி ஏற்கெனவே சில நாள் போயிருக்கிறது, இனியும் இடைவெளி விடுவதை அவர் விரும்பவில்லை. அன்று காலை அக்கா கூஜாவில் தண்ணீர் நிரப்பினாள். இன்றைக்கு வேண்டாம், தண்ணீர் இல்லாமலே படுத்துக்கொள்கிறேன் என்றார் அத்திம்பேர். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இதற்காகவா கடல் தாண்டி வந்தேன், உங்கள் பிடிவாதத்தைச் சுமந்துகொண்டு சாலையில் அலையத்தானா என்று கத்தினேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்கூட நின்றுவிட்டது. அவர் அசையவில்லை. வாத்தியார்களைக் கத்தி மாற்றிவிடலாம் என்றால் நாடு எப்போதோ உருப்பட்டிருக்கும்.

அக்கா கத்தவில்லை. கூஜாவின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"பட்டினி இருக்கறது உங்களுக்காக நீங்க வெச்சுண்ட விரதம். கோஷ்டில நின்னு சேவிக்கறது பெருமாளுக்குப் பண்ற கைங்கர்யம். ரெண்டுல எது வேணும்னு நீங்களே அவரைக் கேட்டுட்டு வாங்கோ. நான் இங்கேயே நிக்கறேன்."

அத்திம்பேர் பூஜை அறைக்குள் போனார். வெகு நேரம் வரவில்லை. வாசலில் சாலமன் ஹாரன் அடிக்கக் கை எடுத்ததை நான் ஜன்னல் வழியாகச் சைகை காட்டி நிறுத்தினேன். அக்கா அந்த முழங்காலோடு நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல், அவள் கையிலிருந்த கூஜாவை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

மருத்துவமனையில், வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கூஜாவை உயரத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கன்னத்தில் வழிந்தது தண்ணீர்தானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. அன்று சிகிச்சை முடிந்ததும் முதல் முறையாக, படத்தைத் தான் பார்க்கலாமா என்று ஷகிலாவைக் கேட்டார். அவள் திரையைத் திருப்பி வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கறுப்புப் பின்னணியில் ஒரு வட்டம், உள்ளே மூன்று வெள்ளைப் புள்ளிகள். விடைத்தாளில் முழு மதிப்பெண் போடுகிற குரலில், "சரியா இருக்கும்மா" என்றார். அகலப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை என்று டாக்டரம்மாவும் அன்றே சொல்லிவிட்டார்.

திரும்பும்போது அவர் காரில் குழந்தை மாதிரித் தூங்கினார். சோறு மட்டும் மறுநாள் துவாதசிப் பாரணைக்குத்தான் என்பதில் மாற்றமே இல்லை. அதில் நானும் வாயைத் திறக்கவில்லை.

என் விடுப்பு சிகிச்சை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே தீர்ந்துவிட்டது. மிச்ச நாட்களுக்குச் சாலமனே கூடப் போய் வந்தார். முடிந்த பிறகும் சில வாரம் எரிச்சல் இருந்தது, களைப்பு இருந்தது, ராத்திரி நாலு தரம் எழுந்துகொண்டிருந்தார் என்று அக்கா டெலிபோனில் சொல்வாள். இது கொஞ்ச நாளில் தணிய வேண்டும், ரத்தப் பரிசோதனை மூன்று மாதம் கழித்துத்தான், எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாராம். தணிகிறதா என்று நான் கேட்பேன். பார்க்கலாம் என்பாள். வைகாசி பிறந்த பிறகு அதையும் கேட்கப் பயந்து, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

கருட சேவை அன்று நான் மஸ்கட்டில் அலுவலகத்தில் இருந்தேன். காலை ஒன்பதரை இருக்கும், அங்கே பதினொன்று. சாலமனின் செல்போனிலிருந்து அழைப்பு. எடுத்தால் ஒரே இரைச்சல், நாகஸ்வரம், வேட்டு, கோவிந்தா கோஷம், அதற்கு நடுவில் அக்காவின் குரல். எங்கே நிற்கிறாய் என்றேன். தெருமுனையில், கூட்டத்தில், சாலமன் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றாள். அத்திம்பேர் எங்கே என்றேன்.

"விடியறதுக்கு முன்னாடி போனவர்டா அம்பி. பெருமாள் பெரிய காஞ்சிபுரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துண்டிருக்கார். கோஷ்டில மொத வரிசைல இவர். இன்னும் ஒரு தரம்கூட அவசரம்னு ஆத்துக்கு வரலை."

செல்போனைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள் போலிருக்கிறது. இரைச்சலுக்குள்ளிருந்து நூறு குரல்கள் சேர்ந்து பாசுரம் சொல்லிக்கொண்டு வந்தன. அதில் எது அத்திம்பேருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டே, குரல்கள் தேய்ந்து மறையும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.